வேதாகமத்தைத் தொட்ட இடது கை

ஆஷ்டன் ஃபால்ஸ், மாசசூசெட்ஸ்
ஜனவரி, வியாழக்கிழமை

எங்கள் தாய்மாமனும், குடும்பத் தலைவரும், மாம்போங் லாரி நிலையத்தின் முன்னாள் மேலாளருமான பெரியவர் க்வாட்வோ அம்போஃபோ அவர்கள் சமூகத்திற்கு, மருமகள் அஃபுவா பணிந்து எழுதுவது.

மாமா, நானும் தம்பி யாவும் இங்கே சுகம். நீங்களும் அத்தையும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். ஹர்மாட்டான் காற்றுப் புழுதியில் உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? போன தடவை கப்பலில் போட்ட பீப்பாயில் அனுப்பிய மருந்தைக் குடிக்கிறீர்களா, அல்லது பார்க்க வருகிறவர்களிடம் காட்டிவிட்டு மறுபடியும் அலமாரியில் வைக்கிறீர்களா? உங்கள் வாசலில் யார் வந்து நின்றாலும் முதலில் தண்ணீர் கொடுப்பீர்கள். குடித்து முடித்த பிறகுதான் வந்த காரியம் கேட்பீர்கள். வந்தவர் வீடு பற்றி எரிந்து ஓடிவந்தவராக இருந்தாலும், “கெட்டது ஒன்றுமில்லை, எல்லாம் சமாதானம்” என்று சொல்லிவிட்டுத்தான் தீயைப் பற்றிப் பேச வேண்டும். அந்த முறைப்படி நானும் சொல்கிறேன்: கெட்டது ஒன்றுமில்லை, எல்லாம் சமாதானம். நான் தண்ணீர் குடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இனி நடந்ததைச் சொல்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே குளிர் அதிகம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் போனை லவுட்ஸ்பீக்கரில் போட்டு, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பேசுவீர்கள்; லாரி நிலையத்தில் நின்று பேசினால் குமாசிக்குக் கிளம்புகிற வண்டியோடு செய்தியும் கிளம்பிவிடும். அதனால்தான் கடிதம். இதைக் கொண்டுவருகிறவர் எங்கள் சபையின் மூப்பர் அசாரே. நல்ல மனிதர், ஆனால் அவர் போனில் ஒரு படம் இருக்கிறது. அந்தப் படத்தை உங்களிடம் காட்டத்தான் அவர் இவ்வளவு செலவு செய்து விமானம் ஏறுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். கடிதத்தைப் பிரித்ததும் அத்தையிடம் சொல்லி அவருக்கு ஃபுஃபு இடித்துப் போடச் சொல்லுங்கள், நிலக்கடலைக் குழம்போடு. அவர் மெதுவாகச் சாப்பிடுகிறவர். வலது கை முழுக்கக் குழம்பாக இருக்கும்போது போனை எடுக்க முடியாது. இடது கையால் எடுத்து ஒரு பெரியவரிடம் நீட்டவும் மாட்டார். அதற்குள் இதைப் படித்து முடித்துவிடுங்கள்.

யாவ் எப்படி மேயர் தேர்தலில் நின்றான் என்று நீங்கள் பலமுறை கேட்டும் நான் மழுப்பிவிட்டேன். உண்மை என்னவென்றால், யாரும் அவனை நிற்கச் சொல்லவில்லை. எங்கள் கடையான ‘அவர் கிருபையே வள்ளிக்கிழங்கு, பாமாயில் மற்றும் பீப்பாய் அனுப்பும் நிலைய’த்துக்குப் பின்னால், பழைய பந்துருட்டும் விளையாட்டுக் கூடத்தில்தான் அவன் சபை நடத்துகிறான் என்பது உங்களுக்குத் தெரியும். வாரநாட்களில் யாரும் ஏறுவதில்லை என்று வாசலில் இருந்த பஸ் நிறுத்தத்தை நகராட்சி எடுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பாருங்கள் என்று யாவ் போய்ச் சொன்னான். இரவெல்லாம் முதியோர் இல்லங்களில் வேலை செய்துவிட்டு, வீட்டுக்குப் போய் நல்ல துணியும் தலைக்கட்டும் கட்டிக்கொண்டு வருகிற நம் பெண்கள் பனியில் அவ்வளவு தூரம் நடக்கிறார்களே என்றான். அங்கே இருந்த ஒரு அதிகாரி சிரித்துக்கொண்டே, “அவ்வளவு அக்கறை இருந்தா நீங்களே மேயரா நில்லுங்களேன் பாஸ்டர்” என்று சொல்லியிருக்கிறார். மாமா, இந்த நாட்டில் அப்படிச் சொன்னால் ‘இடத்தைக் காலி பண்ணு’ என்று அர்த்தம். வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்கு வந்திருப்பார்கள். நம் யாவோ காரில் உட்கார்ந்து ஜெபித்தான், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் நின்று, “கர்த்தர் ஒரு அந்நியனின் வாயால் என்னை அழைத்தார்” என்று அறிவித்தான், சபை எழுந்து ஆடியது, நான் மட்டும் பின்வரிசையில் உட்கார்ந்து, இவன் மேயரானால் கடையில் வள்ளிக்கிழங்குப் பெட்டிகளை யார் தூக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தேர்தல் விவாதத்தில் நான் செத்துப் பிழைத்தேன். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று சொல்லி மணி வைத்திருந்தார்கள். எதிர்த்து நின்றவர் அந்த இரண்டு நிமிடத்தில் வரி, பள்ளிக்கூடம், குடிநீர்க் குழாய் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார். நம் ஆள் எழுந்தான். முதலில் மேடையில் வலது கோடியிலிருந்து ஆரம்பித்து வரிசையாக எல்லோருக்கும் கை கொடுத்தான், எதிர்த்து நின்றவருக்கும் சேர்த்து. பிறகு தலைவருக்கு வணக்கம், அவையிலுள்ள பெரியவர்களுக்கு வணக்கம், தாய்மார்களுக்கு வணக்கம், வேலைக்குப் போயிருப்பதால் வர முடியாத தாய்மார்களுக்கும் வணக்கம், கதவருகே நிற்கிற தீயணைப்புப் படையினருக்கு வணக்கம் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே ஒருவரையும் விடாமல் சொன்னான். “இப்போது விஷயத்துக்கு வருகிறேன்” என்றான். மணி அடித்துவிட்டது. நான் முகத்தை மூடிக்கொண்டேன். மறுநாள் கடைக்கு எதிரே ரொட்டி விற்கிற கிழவர் உள்ளே வந்து, “உன் தம்பிக்குத்தான் என் ஓட்டு. மனுஷன் மேடையில ஒரு பொய்கூடச் சொல்லல” என்றார். தீயணைப்பு வண்டி எங்கள் வாசலில் மெதுவாகப் போய் ஹாரன் அடித்தது. “இத்தனை வருஷத்துல எவன் எங்களுக்கு வணக்கம் சொன்னான்?” என்று அதிலிருந்து ஒருவன் கத்தினான். இப்படித்தான் மாமா ஜெயித்தான். நீங்கள் ஆடு அறுத்த செய்தி வந்தது. அன்று ஒருநாள்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பிறகு பதவியேற்புக்கு ஒத்திகை என்று நகர மன்றத்துக்குக் கூப்பிட்டார்கள். நானும் மூப்பர் அசாரேயும் கூடப் போனோம். அங்கே நகரச் செயலர் திருமதி பெல்லெட்டியர் என்று ஒரு அம்மாள். எத்தனையோ மேயர்களுக்கு உறுதிமொழி செய்துவைத்தவர். மேசைமேல் ஒரு வேதாகமத்தை வைத்து, “இடது கையைப் புத்தகத்து மேல வைங்க பாஸ்டர், வலது கையைத் தூக்குங்க, அவ்வளவுதான்” என்றார். யாவ் என்னைப் பார்த்தான். நான் மூப்பரைப் பார்த்தேன். மூப்பர் கூரையைப் பார்த்தார்.

“இடது கையா?” என்றார் மூப்பர்.

“ஆமா, எல்லாரும் அப்படித்தான்.”

“ரெவரெண்ட், இன்னிக்குக் காலைல அந்தக் கை என்ன வேலை செஞ்சதுன்னு கர்த்தருக்குத் தெரியாதா?”

திருமதி பெல்லெட்டியர் பாவம், “கை கழுவிட்டு வந்தாப் போதுமே” என்றார்.

“அம்மா, இது சோப்புல போற விஷயமில்ல.”

சரி, மாற்றிக்கொள்ளலாம், வலது கை புத்தகத்தில், இடது கை மேலே என்றார் அந்த அம்மாள். “ஊரையே பார்த்து இடது கையைத் தூக்குறதா? அதுக்குப் பேரு உறுதிமொழி இல்ல, சண்டைக்குக் கூப்பிடுறது” என்றார் மூப்பர். இரண்டு கையையும் வைத்தால் என்ன என்று நான் கேட்டேன். “பியானோ வாசிக்கிற மாதிரி இருக்கும்” என்றார் திருமதி பெல்லெட்டியர். நாங்கள் வெளியே வந்தோம். நான் கையுறை மாட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்துக்குள் மூப்பர் உங்களுக்குப் போன் போட்டுவிட்டார்.

நீங்கள் அன்றைக்குச் சொன்னதைத் திருப்பிச் சொல்வது மரியாதை இல்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. “அவன் இடது கையால வேதத்தைத் தொட்டான்னா, என் தங்கச்சியோட வருஷச் சடங்குல குடும்பத்தார் வரிசையில அவனுக்கு இடமில்ல. தெரிஞ்சவங்க பந்தல்ல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொல்றேன், அங்க உக்காந்துட்டுப் போகட்டும்” என்றீர்கள். ஈஸ்டருக்கு எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று, மாமா. அம்மா இறந்த வருஷச் சடங்குக்கென்று வெள்ளையும் கறுப்புமான துணி யாவுக்கும் எனக்கும் ஒரே சுருளிலிருந்து வெட்டித் தைத்தாயிற்று. அன்று கடையில் அவன் வள்ளிக்கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “அக்கா, மேயர் நாற்காலி போச்சுன்னா எனக்கு இந்தக் கடை இருக்கு. அம்மாவுக்குப் பக்கத்துல நாற்காலி போச்சுன்னா என்ன இருக்கு?” என்றான். பதவியே வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று எனக்கு நெஞ்சு படபடத்தது. வேண்டும் என்று சொல்லிவிடுவானோ என்றும் படபடத்தது. இரண்டுக்கும் சேர்த்து மாத்திரை போட்டுக்கொண்டேன்.

வழி சொன்னது திருமதி பெல்லெட்டியர்தான். அவராகவே கடைக்கு வந்து, “சட்டத்தை முழுக்கப் பார்த்துட்டேன் பாஸ்டர். அதுல கையே இல்ல, வாய்தான் இருக்கு. உங்க ஊர்ல எப்படிச் செய்வீங்க?” என்று கேட்டார். நம் நாட்டில் ஜனாதிபதியே வேதாகமத்தை வலது கையில் தூக்கிப் பிடித்துத்தான் உறுதிமொழி எடுக்கிறார் என்று யாவ் சொன்னான். “அப்ப அப்படியே பண்ணுங்க” என்று சொல்லி, போகும்போது வாழைக்காய் வறுவல் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு இரவு நான் தூங்கினேன் மாமா. தூங்கியிருக்கக் கூடாது. எந்த வேதாகமத்தை என்று யோசித்திருக்க வேண்டும்.

யாவ் எடுத்துக்கொண்டது அம்மாவுடையதை. அடக்கம் முடிந்து நாங்கள் கிளம்பும்போது நீங்களே துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தீர்களே, நம் ட்வி மொழியில் உள்ள அந்தப் பெரிய வேதாகமம். அதன் கனம் உங்களுக்குத் தெரியும். அம்மா போன சாவு ஒன்றுவிடாமல், அங்கே தந்த படம் போட்ட நினைவுப் புத்தகங்களையெல்லாம் அதற்குள்தான் செருகி வைத்திருந்தாள். நம் குடும்பத்தில் இறந்தவர்கள் எல்லோரும் அதற்குள் இருக்கிறார்கள். கடைசியாக நான் அம்மாவுடைய நினைவுப் புத்தகத்தையும் சங்கீதத்துக்கு நடுவில் வைத்தேன். பதவியேற்புக்கு முன் அவற்றை எடுத்து வைத்துவிடலாம் என்று சொன்னேன். “இருக்கட்டும் அக்கா, எல்லாரும் வரட்டும்” என்றான்.

பதவியேற்பு நாளன்று காலையில் பனி உறைந்து நகர மன்றப் படியெல்லாம் கண்ணாடிபோல் இருந்தது. நான் கொஞ்சம் வழுக்கினேன். அதைப் பற்றி மூப்பர் ஏதாவது சொன்னால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நானே எழுந்து உள்ளே போய் உட்கார்ந்தேன். கூடம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் ஊர்க்காரர்கள் கோட்டும் சூட்டுமாக. மறுபக்கம் நம் சபை, கென்டே துணியில், மேளத்தோடு. மேளம் வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். யாவ் எழுந்தான், மேடையில் வலது கோடியிலிருந்து எல்லோருக்கும் கை கொடுத்தான், வேதாகமத்தை வலது கையில் உயர்த்தினான். அழகாக இருந்தது மாமா. நீங்கள் அந்த நிமிஷத்தைப் பார்த்திருந்தால் வேறெதையும் பார்க்க வேண்டியிருந்திருக்காது.

திருமதி பெல்லெட்டியர் ஒரு வரி சொன்னார், யாவ் திருப்பிச் சொன்னான். உடனே நம் சபை, “ஆமென்!” என்றது. அந்த அம்மாள் நின்று, மரியாதையாகக் காத்திருந்து, அடுத்த வரி சொன்னார். “ஆமென்! அல்லேலூயா!” மறுபடியும் காத்திருந்தார். நடுவில் யாரோ மேளத்தையும் தட்டினார்கள். இரண்டு மூச்சில் முடிய வேண்டிய உறுதிமொழி, மாமா, ஒரு பாட்டளவு நீண்டது. அவன் தோளில் பீப்பாய் தூக்கிய வலி பழைய வலி. நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் மணிக்கட்டு நடுங்கியது. பிறகு முழங்கை. பிறகு வேதாகமத்திலிருந்து ஒரு நினைவுப் புத்தகம் நழுவி விழுந்தது. அது நம் பெரியம்மா. அடுத்து, டெச்சிமான் சாலையில் லாரி ஓட்டிய சித்தப்பா. அவர் நேராக மன்றத் தலைவரின் ஷூ மேல் விழுந்தார். அந்த மனிதர் காலைத் தூக்கி, கீழே வைக்க இடம் தெரியாமல் ஒற்றைக் காலிலேயே நின்றார். “எனக்கிடப்பட்ட கடமைகளை...” என்று யாவ் சொல்லிக்கொண்டிருக்கும்போது அம்மா நழுவினாள். பாதி வெளியே வந்துவிட்டாள். நீலத் தலைக்கட்டோடு சிரிக்கிற அந்தப் படம். தரையெல்லாம் வெளியிலிருந்து வந்த பனிச்சேறு. அப்போதுதான் மாமா, அவன் இடது கை எழுந்தது. அவன் எழுப்பவில்லை, அதுவாக எழுந்தது. அம்மாவை அப்படியே வேதாகமத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. வலது கை உறுதிமொழியைப் பிடித்திருந்தது, இடது கை அம்மாவைப் பிடித்திருந்தது. அந்த நொடியில்தான் பத்திரிகைக்காரன் படம் எடுத்தான்.

மறுநாள் பத்திரிகையில் வந்தது. வலது கையும் விழுந்த உறவினர்களும் வெளியே போகும்படி வெட்டிவிட்டார்கள். அம்மாவின் முகம் அவன் விரல்களுக்கு அடியில் மறைந்திருக்கிறது. மிச்சம் யாவின் முகம், வேதாகமம், அதன்மேல் அகலமாக விரித்த இடது கை. மூப்பர் அசாரே முன்வரிசையில்தான் நின்றார், ஆனால் ஆமென் சொல்வதற்காகக் கண்ணை இறுக்க மூடியிருந்தார். நான் எவ்வளவு சொல்லியும், “சிஸ்டர், நான் கண்ணால பாக்கலதான். ஆனா படத்துல பார்த்தேனே, படம் பொய் சொல்லுமா?” என்கிறார். அந்தப் படம்தான் இப்போது அவர் சட்டைப் பையில் உங்கள் முன்னால் உட்கார்ந்து ஃபுஃபு சாப்பிடுகிறது.

இந்தக் கடிதம் எழுதுவது யாவுக்குத் தெரியாது. மாமாவுக்கு விளக்கிச் சொல் என்று நான் கெஞ்சினேன். “விளக்கம் எதுக்கு அக்கா? அந்தக் கையை மாமாவுக்குத் தெரியாதா?” என்றான். தெரியும்தானே, மாமா. ஒன்றாம் வகுப்பில் அவன் எதையும் அந்தக் கையால்தான் எடுப்பான். எழுதுவான், பந்து எறிவான், உங்களுக்குத் தண்ணீர்கூட அதில்தான் நீட்டுவான். நீங்கள் அதில் மிளகாயை அரைத்துத் தேய்த்து, வெயிலில் நிற்க வைத்து, வலது கைக்கு மாற்றினீர்கள். அவன் நன்மைக்குத்தான். அந்தக் கை அன்று பின்னால் போனது, இத்தனை வருஷமும் மரியாதையாகப் பின்னாலேயே இருந்தது. யாருக்கும் எதையும் நீட்டவில்லை, யாரையும் கும்பிடவில்லை. அம்மா விழப்போகிறாள் என்றபோது மட்டும் முன்னால் வந்தது. பிடித்ததும் திரும்பப் போய்விட்டது. அது வந்திருக்கக் கூடாது என்று உங்களால் சொல்ல முடியுமானால் சொல்லுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் சொல்வதற்கு முன்னால், உங்கள் தங்கை அந்தச் சேற்றில் கிடப்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

மேயராக அவன் போட்ட முதல் கையெழுத்து பஸ் நிறுத்தத்துக்குத்தான். வலது கையால் போட்டான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஈஸ்டரில் அவனைக் குடும்பத்தார் வரிசையில் உட்காரவிடுங்கள், மாமா. கோபம் தீரவில்லையென்றால் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் நான் போய் உட்கார்ந்துகொள்கிறேன். எனக்கு யாரும் படம் எடுக்கமாட்டார்கள்.

அத்தைக்கும், லாரி நிலையத்தில் இன்னும் உங்களை ‘மாஸ்டர்’ என்று கூப்பிடுகிற எல்லோருக்கும், பெயர் விட்டுப்போனதால் கோபித்துக்கொள்ளப்போகிற எல்லோருக்கும் என் வணக்கம். இருமல் நிற்கட்டும், மழை காலத்தில் பெய்யட்டும், நம் வீட்டில் சிரிப்பவர்கள் தொகை கூடட்டும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
அஃபுவா

பின்குறிப்பு: குளிரால் கையெழுத்து கோணியது என்று மேலே எழுதியது பொய். படியில் விழுந்ததில் என் வலது மணிக்கட்டு உடைந்து, முழங்கைவரை மாவுக்கட்டு. வேறொருவரை வைத்து எழுதினால் சபை முழுக்கத் தெரிந்துவிடும் என்று இத்தனை பக்கத்தையும் நான் இடது கையால்தான் எழுதினேன், மாமா. முதல் பத்தியில் கொஞ்சம் தடுமாறியது. பிறகு அது தன் வீட்டுக்கு வந்ததுபோல் ஓட ஆரம்பித்துவிட்டது. யாவின் கையில் நீங்கள் மிளகாய் தேய்த்ததை நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அப்போது நானும் இடது கைக்காரிதான்; மிளகாய் என்னிடம் வரும் முன்பே நானாக வலது கைக்கு மாறிக்கொண்டேன், அதனால் உங்களுக்குத் தெரியாமல் போயிற்று. அதனால் ஈஸ்டருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போடுவதானால் இரண்டாகப் போடச் சொல்லுங்கள். ஒன்றுமட்டும் நிச்சயம்: இந்தக் கடிதத்தை மூப்பர் அசாரேயிடம் நீட்டும்போது, எவ்வளவு வலித்தாலும், மாவுக்கட்டுப் போட்ட வலது கையால்தான் நீட்டுவேன்.